ஐம்பத்து மூன்றாவது வாரம்

கணகணவென்று ஒரு பித்தளைக் கைமணி. அது ஓய்வதற்குள் நாற்பது ஐம்பது கைகள் ஒன்றாகத் தட்டும் ஓசை, தகரக் கூரையில் திடீர் மழை இறங்கினது போல. எத்தனையோ வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டது. இன்றைக்கும் எங்காவது பத்துப் பேர் சேர்ந்து கைதட்டினால் மயிலாத்தாளின் கை தன்னையறியாமல் முழங்காலைத் தடவிப் பார்க்கும்.

கோயம்புத்தூரில், அவிநாசி ரோட்டு ஓட்டல் ஒன்றின் இரண்டாம் மாடிக் கூடத்தில் அடித்த மணி அது. கல்யாணம் இல்லாத நாட்களில் அந்தக் கூடத்தை ஒரு விடுமுறை கிளப்புக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பணத்தைக் கட்டி மெம்பராகிவிட்டால் வருஷத்தில் ஒரு வாரம், ஆயுசு முழுக்க, அவர்களுடைய மலை பங்களாக்களிலும் காட்டுக் கூடாரங்களிலும் போய்த் தங்கலாம் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு தம்பதி கையெழுத்துப் போட்டதும் மணி அடிக்கும். டை கட்டிய விற்பனைப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று தட்டுவார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் தாலி கட்டி முடித்த மாப்பிள்ளை பெண் போல நாணத்தோடு சிரிப்பார்கள். போடாதவர்கள் நாற்காலியில் நெளிவார்கள்.

மயிலாத்தாளின் புருஷன் சென்னியப்பன் பெட்ரோல் பங்கில் ஒரு கூப்பன் எழுதிப் போட்டதில் வந்த வினை. மூன்றாம் நாள் போன் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது, மூன்றைத் தவறாமல் கொண்டுவர வேண்டும் என்றது அந்தத் தேன் குரல்: அடையாள அட்டை, செக் புத்தகம், மனைவி.

"தொண்ணூறு நிமிசம் ஒக்காந்து கேட்டாப் போதுமாம் அம்மிணி. சாப்பாட்டுத் தட்டு செட்டு. முப்பத்தாறு உருப்படி!"

"நாம ரெண்டு பேரு. முப்பத்தாறை வெச்சுட்டு என்னுங்க பண்றது?"

"கழுவாமயே பதினெட்டு நாளைக்கு ஓட்டலாமே!"

இப்படித்தான் பேசுவார் அவர். உக்கடத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் முப்பத்துநான்கு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஜம்முவுக்கும் சிலிகுரிக்கும் கௌஹாத்திக்கும் லோடு அனுப்பி வைத்தவர். அவருடைய சொந்தக் காலோ வடக்கே மேட்டுப்பாளையத்தையும் தெற்கே பொள்ளாச்சியையும் தாண்டினது கிடையாது. போய்த் திரும்பின டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டே சொன்னதையெல்லாம் தன் சட்டை போல மாட்டிக்கொண்டு, பித்தான் போட்டு, மடிப்புக் கலையாமல் தெருவுக்குள் இறங்குவார். "நான் குவாலியர்ல இருந்தப்ப" என்று அவர் தொடங்கினாலே, சலூனில் பாதிச் சவரத்தோடு இருக்கிறவன்கூட, "அண்ணா, விடுங்க" என்பான். வீட்டில் அந்த வேலை மயிலாத்தாளுடையது. முருங்கைக் கீரை உருவிக்கொண்டே, தலை நிமிராமல், ஒரே ஒரு வரி சொல்வாள். அவருடைய இமயமலை அம்மிக்கல் உயரத்துக்கு இறங்கிவிடும். அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த மலைக்குப் போவார். அவர்களுடைய இல்லறப் பேச்சே பாதிக்கு மேல் அதுதான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பயமாக இருந்தது. அவருடைய ஓய்வுப் பணத்தில் மிஞ்சினது அந்த செக் புத்தகத்துக்குப் பின்னால்தான் இருந்தது. அவளுடைய இரண்டு முழங்காலையும் மாற்றிவிட அடுத்த மாதம் பதினாலாம் தேதிக்கு டாக்டர் நாள் குறித்திருந்தார். ஓட்டலில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து ஏறினாள். பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"பைக்குள்ள கெடக்குதே அந்த செக்கு, அது என்ற ரெண்டு காலுங்க. வெளிய எடுத்துறாதீங்க."

"எனக்குத் தெரியாதா அம்மிணி?" என்றார் சென்னியப்பன்.

வட்ட மேசை ஒன்றில் அவர்களை உட்கார வைத்து, நிஷாந்த் என்ற பையன் எதிரே உட்கார்ந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். ஆல்பத்தைத் திறந்து ஊட்டிப் பனியைக் காட்டினான்.

"சார், டிசம்பர்ல எங்க பங்களாவுல காலையில ஜன்னலைத் திறந்தா, புல்லு மேலெல்லாம் வெள்ளையா உறைபனி! அந்தக் குளிரை நீங்க அனுபவிச்சிருக்கீங்களா?"

சென்னியப்பன் நாற்காலியில் சாய்ந்தார். அந்தச் சாய்வு மயிலாத்தாளுக்குத் தெரியும்.

"குளிரா? தம்பி, ஊட்டியில அடிக்கறது விசிறிக் காத்து. நான் சிலிகுரிக்கு அக்கட்டால ஒரு மலைமேல லோடோட நின்னப்ப, விடிஞ்சு வண்டியக் கெளப்பினா நகர மாட்டேங்குது. எறங்கிப் பாத்தா, லாரியோட நெழலு ரோட்டுல ஒறைஞ்சு ஒட்டிக்கிச்சு. கடப்பாரையப் போட்டு நெம்பி நெம்பி, நாலு ஆளு சேந்து நெழலப் பேத்தெடுத்த பொறவுதான் வண்டி நகுந்துது."

"அன்னைக்கு நீங்க உக்கடத்துலதானுங்க இருந்தீங்க" என்றாள் மயிலாத்தாள். "ஃபேனு ஓடலைன்னு ஆபீஸ்ல சண்டை போட்டுட்டு வந்தீங்க."

வீட்டிலாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். இங்கே நிஷாந்த் முந்திக்கொண்டான். "இல்ல மேடம், சார் சொல்றது ரொம்ப கரெக்ட். மலையில நிழல் உறையும். நானே கேள்விப்பட்டிருக்கேன்."

சென்னியப்பன் அவனைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி ஒருமுறை பார்த்தார். அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு மனிதன் அவர் சொன்னதை நம்பியிருக்கிறான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. சாந்தி முகூர்த்தத்து அன்றைக்குக்கூட அந்த வெளிச்சத்தை அவள் கண்டதில்லை.

பிள்ளைகளுக்கு அங்கே கற்றுக் கொடுத்திருந்த வித்தை அதுதான் என்பது அவளுக்குக் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. வந்தவர் என்ன சொன்னாலும் ஆமாம் போட வேண்டும். இல்லை என்ற வார்த்தை அந்தக் கூடத்துக்குள் நுழையவே கூடாது.

"உங்க லெவலுக்கு சில்வர் கார்டு பத்தாது சார்" என்று நிஷாந்த் ஒரு தாளை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை எடுத்தான். "கோல்டு. கோல்டுக்கு காட்டுக்குள்ள கூடாரம் உண்டு. வால்பாறைப் பக்கம். ராத்திரி யானை வந்து எட்டிப் பார்த்துட்டுப் போகும்."

"எட்டிப் பாக்கறதெல்லாம் என்ன யானை தம்பி! நான் உடுமலை மேக்கால காட்டுல கூடாரம் போட்டேன். இருட்டுல மரம்னு நெனைச்சு, நாலு மொளைக்கயித்தையும் யானையோட நாலு காலுல கட்டிப்புட்டேன். கூடாரத்துக்குள்ள படுத்தது உடுமலையில. எந்திரிச்சது மூணாறுல!"

"சூப்பர் சார்!"

"கேளு. கூடாரத்தோட, பாயோட, என்னையும் தூக்கீட்டு அது பாட்டுக்கு மேயப் போயிருக்குது. செக்போஸ்ட்ல நிறுத்தி, 'கூடாரத்துக்கு பர்மிட் எங்கே'ன்னு கேட்டான் கேரளாக்காரன். நான் உள்ள இருந்து கைய மட்டும் நீட்டி, 'யானைகிட்டக் கேளு'ன்னேன்."

"யானை என்ன சொல்லுச்சுங்க?"

கேட்டது அடுத்த மேசைக்காரர். நரைத்த மீசை, கதர்ச் சட்டை. தன் மேசைப் பிள்ளை காட்டிய ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார். பெயர் ஞானப்பிரகாசம், ரிட்டயர்டான கணக்கு வாத்தியார் என்று அவர் மனைவியே மயிலாத்தாளிடம் சொன்னாள்.

"யானை பதில் சொல்லலைங்க. கூடாரத்தக் கழட்டி அவங்கிட்டக் குடுத்துட்டு என்னை மட்டும் கொண்டாந்து பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டுது" என்றார் சென்னியப்பன்.

"பொள்ளாச்சிக்கு நீங்க போனது உங்க தங்கச்சி வளைகாப்புக்கு" என்றாள் மயிலாத்தாள். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "பஸ்ல வாந்தியெடுத்தீங்க."

"மேடம், பெரிய மனுஷங்க அப்படித்தான், எல்லாத்தையும் வீட்டுல சொல்லிக்க மாட்டாங்க" என்றான் நிஷாந்த். கோல்டு தாளும் போய் டயமண்டு தாள் வந்தது.

கணகணவென்று மணி. கைதட்டல். மூலை மேசையில் ஒரு ஜோடி கவிழ்ந்தது.

டயமண்டுக்குக் கோவாக் கடற்கரை. அதற்கு சென்னியப்பன், கோவாவில் சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து அரப்புத் தூள் போட்டுக் கடலில் குளித்ததைச் சொன்னார். நுரை லட்சத்தீவு வரைக்கும் போனதாம். அந்த வாரம் பிடித்த மீனையெல்லாம் கோவாக்காரர்கள் எண்ணெய் விடாமலே பொரித்தார்களாம். அதுவும் போதாதென்று குலுவில் அவர் ஏற்றி விட்ட ஆப்பிள். ஒரு பழம், ஒரு லாரி. தார்ப்பாய் மூடிக் கயிறு கட்டி வருகிற வழியில் எடை மேடையில் நிறுத்தினால் பாரம் அதிகம் காட்டுகிறது. உள்ளே ஒரு புழு.

"புழுவ எறக்கி நடக்க வெச்சோம் தம்பி. வண்டிக்கு முன்னாடி அதுதான் போச்சு. நாக்பூருல நாங்க போய்ச் சேந்தப்ப அது குளிச்சு முடிச்சு ஒக்காந்திருக்குது."

"அந்தப் புழுவுக்கு ரசீது போட்டீங்களா?" என்றார் வாத்தியார்.

"தனி ரசீது. உயிருள்ள சரக்கு!"

நான்கைந்து மேசைகள் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. சிரிப்புப் பொங்கிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஒரு அளப்பு அளந்தால் தாள் ஒரு படி ஏறுகிறது. அவள் ஒரு வரி சொன்னால் அதைத் துடைத்துப் போட ஆள் இருக்கிறது. முப்பத்தெட்டு வருஷமாக எந்த ஊசியால் அவருடைய பலூனை உடைத்தாளோ அது இந்தக் கூடத்தில் மழுங்கிப் போயிருந்தது.

அப்போது வாசனையடித்துக்கொண்டு பெரிய ஆள் வந்தார். ஜெயச்சந்திரன், வைஸ் பிரசிடெண்ட். சென்னையிலிருந்து சார் ஒருவருக்காகவே வந்திருக்கிறாராம். மேசை மேல் தங்க ஓரம் வைத்த ஒரு தாளை விரித்தார்.

"சார், இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒரு ஊரை இப்படி அனுபவிச்ச மனுஷரை நான் பார்த்ததில்ல. டயமண்டு எல்லாம் உங்களுக்கு அவமானம். இது மகாராஜா கார்டு. தென்னிந்தியாவுலயே ஏழு பேருக்குத்தான். இந்த ஏழாவது பேரை இன்னைக்கு ஒரு மணிக்குள்ள எழுதணும். நம்ம சாரை விட்டா யாரு?"

"யாருமில்லதான்" என்றார் சென்னியப்பன். கை சட்டைப் பைக்குப் போயிற்று. செக் புத்தகம் மேசைக்கு வந்தது. ஜெயச்சந்திரன் பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தார். மணி வைத்திருந்த பெண் மணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள்.

மயிலாத்தாள் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். அவர் அந்தக் காலை நகர்த்திக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தாள். மகாராஜாவாகவே ஆகியிருந்தார். இங்கே இவ்வளவு பேருக்கு முன்னால் 'எனக்கு வசதியில்லை' என்று சொல்ல அந்த வாயால் இனி முடியாது.

"சார்" என்றாள் ஜெயச்சந்திரனிடம். "எங்கூட்டுக்காரரு சொன்னது அத்தனையும் பொய்யிங்க."

"மேடம், அப்படிச் சொல்லக் கூடாது."

"கொறைச்சுக் கொறைச்சுச் சொல்றாரு. அதுவும் பொய்தானுங்களே?"

சென்னியப்பனின் பேனா அந்தரத்தில் நின்றது.

"பேத்தெடுத்தம்னாரே நெழலு, அதை என்ன பண்ணினாருன்னு சொன்னாருங்களா? பாயாட்டம் சுருட்டிக் கொண்டாந்து பின்னாடி முத்தத்துல விரிச்சிருக்கறாருங்க. சித்திரை வெயிலுக்கு அதுமேலதான் நான் படுக்கறது. வாத்தியாரூட்டம்மா, நீங்க வந்தீங்கன்னாத் தயிரு ஒறை ஊத்தி அதுமேல வெச்சுக் காட்டறேன். மூணு நாளைக்குப் புளிக்காது."

"கண்டிப்பா வாறேன்" என்றாள் வாத்தியார் மனைவி, கன்னம் துடிக்க.

"ஆமாம் மேடம், நிழல் நல்லா குளிர்ச்சிதான்" என்றார் ஜெயச்சந்திரன் பழக்க தோஷத்தில்.

"உங்களாட்டம் கிளப்பு அம்பத்திரண்டுல சேந்திருக்கறாருங்க இவரு. அம்பத்தொண்ணுல மகாராஜா. ஒண்ணுல மட்டும் சக்கரவர்த்தி. கிளப்புக்கு ஒரு வாரம்னு வருசத்துல அம்பத்திரண்டு வாரமும் போட்டாச்சு. துவைச்சுக் கட்ட நேரமில்லைங்க. குலுவுல நனைச்ச வேட்டி கோவாவுலதான் காயுது. இன்னைக்கு நீங்க சம்சாரத்தோட வரணும்னு போன் பண்ணினீங்க பாருங்க, அதனாலதான் ரெண்டு வருசத்துக்கு அப்புறம் இவர நேருல பாக்கறேன். பாதி எளைச்சுட்டாரு. படியேறி வாறப்ப, யாரோன்னு நெனைச்சுக் கும்பிடு போட்டேன்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. நிஷாந்த் ஆல்பத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். ஜெயச்சந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. தாளின் தங்க ஓரத்தை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"உங்க கார்டு வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேனுங்க. ஆனா இருக்கற வாரமெல்லாந் தீந்து போச்சே! அம்பத்து மூணாவது வாரம்னு ஒண்ணு உங்ககிட்ட இருந்தாச் சொல்லுங்க. இப்பவே ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறோம்."

இருபத்திரண்டு வருஷம் இல்லை என்றே சொல்லாத நாக்கு. மூளைக்குச் செய்தி போவதற்குள் அது புறப்பட்டுவிட்டது.

"இருக்கு மேடம்! ஐம்பத்து மூணாவது வாரம் மகாராஜா கார்டுக்கு மட்டும்தான் குடுக்கறோம்!"

வாத்தியார் மெதுவாக எழுந்து நின்றார். "ஏனுங் சார், ஒரு சந்தேகம். அம்பத்திரண்டு ஏழு முந்நூத்தி அறுபத்திநாலு. வருசத்துல மிச்சம் நிக்கறது ஒரே ஒரு நாளு. அதுல நீங்க எப்படி ஒரு வாரத்தக் குடுப்பீங்க?"

"அந்த ஒரு நாளை எங்க மெம்பர்களுக்கு நாங்க ஏழு நாளா குடுக்கறோம் சார்!"

ஜன்னலோர மேசையில் பட்டுப்புடவை கட்டின ஒரு பெண் தன் புருஷனின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி வைத்து, "எந்திரிங்க" என்றாள். அப்புறம் இன்னொரு நாற்காலி கீச்சிட்டது. இன்னொன்று. மூலை மேசை ஜோடி தங்கள் செக்கைத் திருப்பிக் கேட்டுச் சத்தம் போட்டது. கால் மணி நேரத்தில் கூடத்தில் டை கட்டினவர்கள்தான் இருந்தார்கள்.

மயிலாத்தாள் செக் புத்தகத்தை எடுத்துத் தன் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். பரிசையும் மறக்காமல் கேட்டு வாங்கினாள். நிஷாந்த்தான் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். "மேடம், நீங்க வேலைக்கு வருவீங்களா?" என்று குனிந்து கேட்டான். பஸ் ஸ்டாப்பில் பிரித்துப் பார்த்தார்கள். உருப்படி முப்பத்தாறு இருந்தது உண்மைதான். முப்பத்தாறும் டீ கரண்டி.

அதற்கு முன், ஓட்டல் மாடியிலிருந்து அவள் படிக்குப் படி நின்று இறங்க, சென்னியப்பனும் படிக்குப் படி நின்றார். கோபமோ என்று பார்த்தாள். கோபமில்லை. தன் கடைக்கு எதிர்க்கடையில் கூட்டம் அம்முவதைப் பார்க்கிற வியாபாரியின் முகம்.

"இதெல்லாம் எங்க அம்மிணி வெச்சிருந்தே இத்தனை நாளா?"

"முப்பத்தெட்டு வருசமாக் கேட்டுட்டு இருக்கறனே. கொஞ்சமாச்சும் ஒட்டாதுங்களா?"

"வேட்டி கோவாவுல காயறது நெம்ப நல்லா இருந்துது."

"எடுத்துக்குங்க" என்றாள்.

எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை சலூனில் வைஸ் பிரசிடெண்டை மண்டியிட வைத்தது சென்னியப்பன்தான். ஐம்பத்து மூன்றாவது வாரத்தைக் கேட்டது அவர்தான். ஒரு வாரத்தில் கூடத்தில் இருந்த ஜோடிகள் ஐந்நூறு ஆயின. தாங்க முடியாமல் சலூன்காரன் ஒருநாள் வீட்டு வாசலில் நின்று, "அக்கா, நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடிதானே நடந்துது? அண்ணன் சொல்றது நெசமா?" என்று கேட்டான்.

சென்னியப்பன் உள்ளே செய்தித்தாள் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். தாள் ஆடாமல் நின்றது.

மயிலாத்தாள் கீரையிலிருந்து தலையை நிமிர்த்தி, "ஆமாந்தம்பி. அவருதான் கேட்டாரு. அந்தாளு அழுதே போட்டான்" என்றாள்.

பதினாலாம் தேதி ஆபரேஷன் நடந்தது. டாக்டருக்கு அவர் யானைக் கதையைச் சொன்னாராம், அவள் மயக்கத்தில் இருந்தபோது.

ஐந்து வருஷம் கழித்து ஆவணியில், ஒரு மத்தியானத் தூக்கத்தில் சென்னியப்பன் போய்விட்டார். பாடையைத் தூக்கினபோது, அந்தத் தெருவில் பெண்கள் எதுவரை போகலாமோ அந்த முனைவரைக்கும், யார் கையையும் பிடிக்காமல் மயிலாத்தாள் நடந்து போனாள்.